எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்: ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்தை முன்வைத்து

1961ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் தீபாவளி. அன்று தமிழகத்துத் திரையரங்குகளுக்கு வந்த படங்களுள் இரண்டு இவ்வுரைக்கு வேண்டியவை. ஒன்று, சின்னப்பா தேவர் தம் வழக்கப்படி விரைந்து எடுத்து முடித்து, எம்.ஜி.ஆர். நடித்த ‘தாய் சொல்லைத் தட்டாதே’. மற்றொன்று, பி.ஆர்.பந்துலுவின் பத்மினி பிக்சர்ஸ் தயாரித்து, சிவாஜி கணேசன் வ.உ.சிதம்பரனாராகத் தோன்றிய ‘கப்பலோட்டிய தமிழன்’. முன்னது நன்றாக ஓடியது. பின்னது ஓடவில்லை. தமிழ்த் திரையுலகில் பெரும் எதிர்பார்ப்போடு வந்து வீழ்ந்த படங்களின் பட்டியல் நீளமானது. ஆயினும் ஓர் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் பேசுவதற்கு இந்த ஒரு வீழ்ச்சியே தகுதியுடையதாகத் தோன்றுகிறது.

ஒரு திரைப்படம் எதிர்பார்ப்பைப் பொய்யாக்குவது இரு வகையில் நிகழும். உள்ளே சரக்கில்லாமல் வெளியே முழக்கம் மட்டும் பெரிதாக இருந்து, முதல் காட்சி முடிந்ததும் வெளுத்துப்போவது ஒரு வகை. அதற்கு ஆண்டுதோறும் பஞ்சமில்லை. அதைப் பேச இலக்கிய மேடையும் தேவையில்லை, தேநீர்க் கடை போதும். மற்றொரு வகை அரிது. படம் ஒன்றைச் சொல்ல வருகிறது. பார்க்க வருபவர் வேறொன்றைக் கேட்கும் காதோடு வந்து அமர்கிறார். யாரும் யாரையும் ஏமாற்ற எண்ணவில்லை. எனினும் ஏமாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ‘கப்பலோட்டிய தமிழன்’ இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

விளம்பரம் என்னும் கலையைத் தமிழ்த் திரையுலகுக்குக் கற்பித்தவர் எஸ்.எஸ்.வாசன். 1948இல் வெளிவந்த ‘சந்திரலேகா’வுக்கு அவர் செய்த விளம்பரம் அதுவரை இந்நாடு காணாதது. ஏறத்தாழ முப்பது இலட்ச ரூபாயை விழுங்கிய அப்படம் தமிழில் மட்டும் போட்ட பணத்தை எடுத்துவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் இந்தி வடிவம் 600க்கும் மேற்பட்ட படிகளோடு நாடெங்கும் சென்ற பிறகே வாசனின் கணக்கு நேரானது. விளம்பரம் செய்த வாக்குறுதியை முரசு நடனம் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னர் 1961 மார்ச்சில் ‘பாவ மன்னிப்பு’ வெளிவந்தபோது, சென்னை அண்ணாசாலையில், அந்நாளைய மவுண்ட் ரோட்டில், சாந்தி திரையரங்கின் மேலே படத்தின் பெயரைத் தாங்கிய பெரிய பலூன் ஒன்று பறக்கவிடப்பட்டது. படத்தின் பாடல்களைத் தரவரிசைப்படுத்தி அனுப்புமாறு போட்டியும் அறிவிக்கப்பட்டது. பலூனை அண்ணாந்து பார்த்தவர்கள் உள்ளே சென்று பார்த்தபோது ஏமாறவில்லை.

‘கப்பலோட்டிய தமிழன்’ படத்துக்கு இத்தகைய பலூன் எதுவும் தேவைப்படவில்லை. அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் அதே கைகள் செய்து தந்த இன்னொரு படமே அதற்கான விளம்பரமாக நின்றது. அதுதான் அதன் பேறும் கேடும்.

1959 மே மாதத்தில் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ பந்துலுவின் படைப்பு. சிவாஜி கணேசனின் உச்சம். ஜி.ராமநாதனின் இசை, ம.பொ.சிவஞானத்தின் ஆய்வும் ஆலோசனையும். சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடல். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசு சிவாஜிக்கும், சிறந்த இசையமைப்பாளருக்கான பரிசு ராமநாதனுக்கும் கிடைத்தன. தமிழ்நாட்டில் அப்படத்தின் வசனம் பள்ளிச் சிறுவர்களின் நாவில் ஏறிவிட்டது. ஜாக்சன் துரையின் முன் நின்று வரி தர மறுக்கும் காட்சியை ஆண்டுவிழா மேடையில் நடித்துக் காட்டாத பள்ளி உண்டா என்று கேட்கும் நிலை உருவாயிற்று.

அதே பந்துலு, அதே சிவாஜி, அதே ராமநாதன், அதே ம.பொ.சி. மீண்டும் கூடினர். இம்முறை ம.பொ.சி. 1944இல் எழுதிய வ.உ.சி. வரலாறே படத்துக்கு அடிப்படை. நூலின் பெயரே படத்தின் பெயர். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் அடுத்தடுத்த ஊர்கள். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது 1906 அக்டோபர் 16. இது தற்செயல்தான். ஆனால் இத்தகைய தற்செயல்களில்தான் எதிர்பார்ப்பு தன் வீட்டைக் கட்டிக்கொள்கிறது. அதே மண், அதே பகைவன், அதே நடிகர். அரங்கில் அமர்ந்தவர் இன்னொரு கட்டபொம்மனுக்குக் காத்திருந்ததில் வியப்பில்லை.

ஆனால் கட்டபொம்மன் படம் 1959இல் பிறந்ததன்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே அது பிறந்துவிட்டது. தென்பாண்டி நாட்டின் கதைப்பாடல்களிலும் கூத்திலும் கட்டபொம்மு பாடப்பட்டுவந்தான்; பேராசிரியர் நா.வானமாமலை அக்கதைப்பாடலைப் பதிப்பித்திருப்பதை இங்குள்ளோர் அறிவர். ம.பொ.சி. அவனுக்காக நூல் எழுதினார், விழா எடுத்தார். 1957இல் சேலத்தில் அரங்கேறிய சிவாஜி நாடக மன்றத்தின் நாடகம் ஊர் ஊராகச் சென்றது. திரைப்படம் வந்தபோது, மக்கள் பார்க்கச் சென்றது புதிய கதையை அன்று. தாம் முன்பே பாடிய, கேட்ட, அழுத கதையை. எங்கே கைதட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

வ.உ.சி.க்குக் கதைப்பாடல் இல்லை. அவர் 1936 நவம்பர் 18இல் மறைந்தவர். படம் வெளிவந்தபோது மறைந்து இருபத்தைந்து ஆண்டே ஆகியிருந்தது. அவரோடு பழகியவர்களும் அவருடைய மக்களும் உயிரோடு இருந்தனர். கட்டபொம்மனின் வாயில் எத்தனை அனல் பறக்கும் சொற்களை வைத்தாலும், அப்படி அவன் பேசினானா என்று கேட்க அரங்கில் ஆள் இல்லை. (வரலாற்று ஆதாரம் கேட்டு வெளியே சண்டை நடந்தது; தமிழ்வாணன் நூலே எழுதினார். ஆனால் அந்தச் சண்டை நுழைவுச்சீட்டு விற்பனையைத் தொடவில்லை.) வ.உ.சி.யின் வாயில் அப்படிச் சொல் வைக்க முடியாது. அவர் வழக்கறிஞர், வணிகர், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்த புலவர், கண்ணனூர்ச் சிறையில் இருந்தபடி ‘மெய்யறம்’ இயற்றியவர். அவரது போர் வாளால் நடந்ததன்று. பங்குப் பத்திரத்தால் நடந்தது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் படத்தின் தோல்விக்கான விடை அக்கப்பலின் கதைக்குள்ளேயே இருக்கிறது. சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் பத்து இலட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவராக இருந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். தமிழ்ச் சங்கம் வைத்தவர் கப்பல் கம்பெனிக்கும் தலைமை தாங்கினார் என்பது இலக்கிய வட்டத்தார் மறக்கக்கூடாத செய்தி. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்பார் 8,000 பங்குகளை எடுத்தார். அஃதாவது இரண்டு இலட்ச ரூபாய். 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் ஓடியது.

வெள்ளையர் கம்பெனி பீரங்கியைத் தூக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. இறுதியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, போதாக்குறைக்கு ஒரு குடையும் தர முன்வந்தது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒருபுறம் சுதேசிக் கப்பலின் சீட்டு. மறுபுறம் காசில்லாப் பயணமும் குடையும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்வி அரசனுக்கோ தளபதிக்கோ எழவில்லை; கொழும்புக்குச் செல்லும் சாதாரண மனிதனுக்கு எழுந்தது. பலர் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர். ஏறாதவர்களும் இருந்தனர். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். கூட்டினால் நாற்பது ஆண்டு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, கப்பலும் இல்லை.

கட்டபொம்மனும் தோற்றவன்தானே, அவன் படம் ஓடியதே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கட்டபொம்மனின் தோல்வி ஒரு மரத்தடியில், ஒரு கயிற்றில், ஒரு கணத்தில் முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்திலும் அவன் குரல் தாழவில்லை. அது தோல்வியாகவே தெரிவதில்லை. வ.உ.சி. சிறையிலிருந்து வந்த பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். வழக்கறிஞர் உரிமை பறிபோய், சென்னையிலும் கோவையிலும் சிறு கடைகளும் சிறு வேலைகளுமாக, கடனும் உதவி கேட்டெழுதும் கடிதங்களுமாக வாழ்ந்தார். வீரன் மாள்வதைப் பார்க்க மக்கள் காசு கொடுப்பார்கள். வீரன் மளிகைக் கணக்கு எழுதுவதைப் பார்க்க எத்தனை பேர் வருவர்?

படம் அந்த வாழ்வின் முடிவு வரை செல்கிறது. இதில்தான் பந்துலுவின் துணிவைக் காண வேண்டும். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் காட்சியோடு நிறுத்தியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். தீர்ப்போடு நிறுத்தியிருந்தாலும் கண்ணீர் கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக மனிதன் செக்கிழுக்கிறான். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புத்தாடை உடுத்தி, குழந்தை குட்டிகளோடு படத்துக்கு வந்த குடும்பத்தின் முன்னே அந்தச் செக்கு சுற்றுகிறது. பண்டிகை நாளில் வெளியிட்டது வணிகக் கணக்கில் பெரும் பிழை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்நாளில் பெரிய படம் என்றால் தீபாவளிக்கு வர வேண்டும். அதுவும் எதிர்பார்ப்பு போட்ட கட்டளைதான்.

சிவாஜி கணேசனின் நடிப்பு இப்படத்தில் எதைக் கைவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டபொம்மனில் எழுந்த குரலை அவர் இங்கே பெரும்பாலும் அடக்கிவைத்தார். தளர்ந்த நடை, குழிந்த கண், பேச்சை முடிக்காமல் விடும் நிறுத்தம் ஆகியவற்றால் ஒரு மனிதன் படிப்படியாகத் தேய்வதைக் காட்டினார். வ.உ.சி.யின் மைந்தர் படத்தைப் பார்த்துவிட்டுத் தம் தந்தையையே கண்டதாகச் சொன்னதைத் தமக்குக் கிடைத்த பெரும் விருதாகச் சிவாஜி குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் முழக்கத்துக்காக வந்த காதுக்கு, அடங்கிய குரல் குறையாகவே கேட்கும். அதே நடிகரின் அதற்கு முந்தைய வெற்றியே அவரது நுட்பத்தை மறைத்துவிட்டது.

கவிஞர்கள் கூடியுள்ள இவ்வவையில் பாடல்களைப் பற்றித் தனியே பேசியாக வேண்டும். இப்படத்தின் பாடல்கள் அனைத்தும் பாரதியாருடையவை. இன்று இது இயல்பாகத் தோன்றலாம். பாரதியின் பாடலைப் பாடுவதற்கே ஒருவரிடம் அனுமதி பெற வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. பாடல்களின் ஒலிபரப்பு, இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் அவர் அவற்றைப் பயன்படுத்தினார். 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாடல் இடம்பெற்றபோது அது சட்டப் பூசலானது. அந்தப் பூசலிலிருந்து எழுந்ததுதான் பாரதி பாடல்களை நாட்டுடைமை ஆக்க வேண்டும் என்ற குரல். 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையை ஏற்றது. பின்னர் பாரதி எல்லோர்க்கும் பொதுவானார். ‘கப்பலோட்டிய தமிழ’னில் சுப்பிரமணிய சிவாவாக நடித்தவர் அந்த டி.கே.எஸ். சகோதரர்களுள் ஒருவரான டி.கே.சண்முகமே. ஒரு பாரதி பாடலுக்காகப் பதினைந்து ஆண்டுக்குள் முன்னர்ப் பூசலில் சிக்கியவர், பாரதி பாடல்களே நிறைந்த ஒரு படத்தில் பாரதியின் தோழராக வந்து நிற்கிறார். நாடக மேடையில் ஔவை மூதாட்டியாகப் புகழ்பெற்றவர், இங்கே தொழுநோயால் உருக்குலைந்த சிவாவாகிறார். எஸ்.வி.சுப்பையா பாரதியாகிறார். பாரதி என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவில் எழுந்த முகம் அவருடையதுதான்.

ஆனால் 1961ஆம் ஆண்டின் செவியைப் பற்றியும் நேர்மையோடு பேச வேண்டும். அந்த ஆண்டுதான் ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் வந்தன. மூன்றிலும் சிவாஜி, மூன்றிலும் கண்ணதாசன், மூன்றிலும் விசுவநாதன்–ராமமூர்த்தி. தமிழ்த் திரைப்பாடல் ஒரு புதிய மொழியைக் கண்டெடுத்த ஆண்டு அது. அடுத்த வீட்டுக்காரன் பேசுவது போன்ற எளிய சொல்லில், தனிமனிதத் துயரத்தை, மெல்லிய வாத்தியங்களின் துணையோடு சொல்லும் மொழி. அந்த மூன்று படங்களைக் கேட்டுப் பழகிய காது தீபாவளிக்கு வந்து அமர்ந்தது. ராகத்தில் ஊறிய ராமநாதனின் மெட்டு அதற்குச் சற்றே பழையதாக ஒலித்திருக்கும். அவருடைய காலமும் முடியும் தறுவாயில் இருந்தது. 1963இல் அவர் மறைந்தார். எனினும் பி.பி.ஸ்ரீநிவாசும் பி.சுசீலாவும் பாடிய ‘காற்று வெளியிடை’ இன்றும் மேடைதோறும் பாடப்படுகிறது. படத்தைப் பார்த்திராத இளைஞர்கள் பாடுகிறார்கள். பலருக்கு அது எந்தப் படத்துப் பாட்டு என்பதே தெரியாது. பாரதி எழுதிய நாளில் அதற்கு இந்த மெட்டு இல்லை என்பதை நினைவூட்டினால் வியப்படைகிறார்கள். படம் வீழ்ந்த இடத்தில் பாட்டு நின்றுவிட்டது.

அந்தப் பாட்டு வரும் இடமோ படத்தின் பலவீனமான பகுதி. ஜெமினி கணேசன் மாடசாமியாகவும் சாவித்திரி கண்ணம்மாவாகவும் வரும் காதல் கிளைக்கதை அது. ஆஷ் கொலை வழக்கில் தேடப்பட்டுத் தலைமறைவான ஒட்டப்பிடாரம் மாடசாமி வரலாற்று மனிதர். காதலுக்காக அவர் படத்துக்குள் இழுத்துவரப்பட்டிருக்கிறார். வ.உ.சி. சிறைக்குள் சென்றதும் கதை வெளியே அலையத் தொடங்குகிறது. சிவா, பாரதி, மாடசாமி, மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சி என ஒவ்வொருவரும் ஒரு தனிப் படத்துக்குரியவர்கள். அவர்கள் அனைவருக்கும் மரியாதை செய்ய வேண்டும் என்னும் நல்லெண்ணம் படத்தைப் பல துண்டுகளாக்கிவிட்டது. எஸ்.டி.சுந்தரத்தின் உரையாடல் பல இடங்களில் மேடையை நோக்கியே பேசுகிறது. ‘கவியின் கனவு’ நாடகத்தை எழுதியவர் அல்லவா? மக்கள் தரம் அறியாமல் புறக்கணித்தார்கள் என்று முழுப் பழியையும் பார்வையாளர் தலையில் சுமத்துவோர் இக்குறைகளைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுகின்றனர். அது நியாயமன்று. இலக்கிய உலகிலும் விற்காத நூலுக்கு வாசகனையே குற்றஞ்சாட்டும் பழக்கம் உண்டு. சில வேளைகளில் நூலையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

அரசியல் காரணம் ஒன்றும் சொல்லப்படுவதுண்டு. 1962 பிப்ரவரியில் பொதுத்தேர்தல். திராவிட இயக்கத்தின் வளர்ச்சி முகம். சிவாஜி காங்கிரசின் பக்கம். ஆதலால் இளைஞர் கூட்டம் வேறு அரங்குக்குச் சென்றது என்பர். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் அதே சிவாஜியின் மூன்று படங்களை அதே மக்கள்தாம் வாழவைத்தனர் என்பதை இவ்விளக்கம் எதிர்கொள்வதில்லை.

அரசு கைவிடவில்லை. ஒன்பதாவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது; பின்னாளில் கேளிக்கை வரிவிலக்கும் கிடைத்தது. ஆனால் வரிவிலக்கு என்பது வெறிச்சோடிய இருக்கைகளை நிரப்பித் தராது.

பந்துலு இதிலிருந்து பாடம் கற்றாரா என்றால், இல்லையென்றே சொல்ல வேண்டும். அதற்காக அவரை வணங்கவும் வேண்டும். 1964 பொங்கலுக்கு அவர் ‘கர்ணன்’ படத்தை வெளியிட்டார். மீண்டும் சிவாஜி, மீண்டும் பெரும்பொருட்செலவு, மீண்டும் தோற்பவனின் கதை. அதே நாளில் வந்தது தேவர்–எம்.ஜி.ஆர். கூட்டணியின் ‘வேட்டைக்காரன்’. 1961 தீபாவளியே மறுபடி வந்தாற்போல் இருந்தது. ‘கர்ணன்’ போட்ட பொருளுக்கு ஈடாக எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. அடுத்த ஆண்டே பந்துலு எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார்; அதுவும் கப்பலும் கடலும் உள்ள படம்தான், ஆனால் அது வெற்றிகரமாக ஓடிய கப்பல். ‘கர்ணன்’ 2012இல் எண்மமுறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தபோது சென்னையில் நூறு நாட்களைக் கடந்தது. அதைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் 1964இல் பிறந்திராதவர்கள். அவர்களிடம் 1964ஆம் ஆண்டின் எதிர்பார்ப்பு இல்லை.

‘கப்பலோட்டிய தமிழ’னுக்கு அத்தகைய இரண்டாம் பிறவி திரையரங்கில் வாய்க்கவில்லை. அது வேறு வழியில் உயிர் பிழைத்தது. சுதந்திர நாட்களில் தொலைக்காட்சியில் வந்தது, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது, பாடநூலில் வ.உ.சி.யைப் படிக்கும் பிள்ளையின் மனத்தில் சிவாஜியின் முகத்தோடு செக்கு சுற்றியது. சீட்டு வாங்காதவர்களிடையே அது ஊரறிந்த படமாயிற்று. வ.உ.சி.யைப் பற்றிய ஆய்வும் அண்மைக்காலத்தில்தான் முழு வீச்சோடு நடந்திருக்கிறது. திருநெல்வேலி எழுச்சியையும் வ.உ.சி.யையும் குறித்து ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றது. அந்நூலைக் கையிலெடுப்பவர் பலரும் அம்மனிதரை முதன்முதலில் கண்டது ஒரு தோல்விப் படத்தில்தான்.

இங்குள்ள கவிஞர்களுக்கு மேலும் ஒரு செய்தி. வ.உ.சி. தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதினார். உரைநடையில் அன்று, அகவலில் எழுதினார். கப்பல் வாங்கியதையும் வழக்காடியதையும் சிறைச் சோற்றையும் அகவற்பாவில் வைத்தார். ஆரவாரம் இல்லாத, ஒரே சீராக நடந்துசெல்லும் அந்தப் பாவகைதான் அவருடைய வாழ்வுக்குப் பொருந்தியது போலும். கட்டபொம்மனுக்குச் சிந்தும் கும்மியும் பொருந்தும், வ.உ.சி.க்கு அகவல். திரையில் சிவாஜி அடக்கி வாசித்த அந்தக் குரலை வைத்துப் பார்த்தால், வ.உ.சி.யின் அகவலுக்கு அவர் காது கொடுத்திருக்கிறார் என்றே எண்ணத் தோன்றுகிறது.

படத்தில் ஒரு காட்சி. சிறைக்கதவு திறக்கிறது. வ.உ.சி. வெளியே வருகிறார். கைதானபோது திருநெல்வேலியே கொந்தளித்தது, கடைகள் அடைபட்டன, துப்பாக்கி சுட்டது, உயிர்கள் போயின. விடுதலையாகும் நாளில் அந்தக் கூட்டம் எங்கே என்று அவர் கண்கள் தேடுகின்றன. மாலை இல்லை, கொடி இல்லை. ஒரே ஒரு மனிதர் நிற்கிறார். நோயால் உருமாறிய அவரை வ.உ.சி.யால் முதலில் அடையாளம் காண முடியவில்லை. அவர் சிவா. கட்டபொம்மனின் கோட்டைக்காகவும், பின்னர்க் கர்ணனின் குருட்சேத்திரத்துக்காகவும் எண்ணற்ற துணைநடிகர்களைத் திரட்டிய பந்துலு, இந்தக் காட்சிக்கு ஒருவரையும் திரட்டவில்லை. வாயிலில் இரண்டு பேர். பின்னால் சிறைச்சுவர்.